இன்பம் எவ்வளவு என்று கேட்ட சீமான்

வரலாற்றுத் தொடர்

1790ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் கிராமத்துப் பாதிரியார்களுக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே அச்சடித்த கேள்வித்தாள். ஒன்றல்ல, இரண்டல்ல, 160 கேள்விகள்.

உங்கள் எல்லைக்குள் எத்தனை பேர் வாழ்கிறார்கள்? எத்தனை ஏர் ஓடுகிறது? வண்டிகள் எத்தனை, மதுக்கடைகள் எத்தனை? ஒரு நாள் கூலி என்ன, கோழி என்ன விலை? இதுவரை இருந்தவர்களில் மிக உயரமான மனிதர் எவ்வளவு உயரம்? நூறு வயதைத் தொட்டவர் உண்டா? இப்படியே போகும் பட்டியலுக்கு நடுவே, அந்தக் காலத்தில் எந்த அரசாங்கமும் கேட்காத கேள்வியும் இருந்தது. உங்கள் மக்கள் தங்கள் வாழ்க்கையில் மனநிறைவோடு இருக்கிறார்களா? அவர்கள் நிலையை உயர்த்த ஏதாவது வழி உண்டா?

அனுப்பியவர் சர் ஜான் சின்கிளேர். 1754இல் ஸ்காட்லாந்தின் வடகோடியில், கேத்னஸ் சீமையின் தர்சோ கோட்டையில் பிறந்த பெரும் நிலக்கிழார். நாடாளுமன்ற உறுப்பினர். சும்மா இருக்கத் தெரியாதவர். 18 வயதில், குதிரையைக் கையில் பிடித்து நடத்திச் செல்லவும் அஞ்சும் பென் கேல்ட் மலைப்பாதையில் 1,260 ஆட்களை ஒரே விடியற்காலையில் இறக்கினார். பொழுது சாய்வதற்குள் 6 மைல் வண்டிச் சாலை போட்டு முடித்தார். அந்த ஆட்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. சாலை வேலைக்கு ஆண்டுதோறும் சில நாள் உழைப்புக் கொடுக்கச் சட்டத்தால் கடமைப்பட்ட குடியானவர்கள். சின்கிளேரைப் பற்றிப் பேசும்போது இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜெர்மனியில் பயணம் செய்தபோது, ஒரு நாட்டின் பலத்தைக் கணக்கிட விவரங்கள் தொகுக்கும் முறையை அவர் பார்த்தார். படை எவ்வளவு, வரி எவ்வளவு என்பதே அங்கே கேள்வி. சின்கிளேர் அந்த முறையை எடுத்துக்கொண்டு, நாட்டு மக்கள் அனுபவிக்கும் இன்பம் எவ்வளவு, அதை எப்படிக் கூட்டலாம் என்று கேட்டார்.

ஸ்காட்லாந்தில் அப்போது 938 ‘பாரிஷ்’கள் இருந்தன. ஒரு தேவாலயம், அதைச் சுற்றிய ஊர்கள், ஒரு பாதிரியார் என்று அமைந்த வட்டாரம்தான் பாரிஷ். ஞானஸ்நானம், திருமணம், சாவு எல்லாம் பாதிரியாரின் பதிவேட்டில் ஏறும். எந்த வீட்டில் யார் நோயாளி, யார் வீட்டில் மாவு தீர்ந்தது என்பது வரை அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது அந்த வட்டார நிலக்கிழார்கள். பெரும்பாலான இடங்களில் அவரை அந்தப் பதவிக்கு நியமிப்பதும் ஒரு நிலக்கிழாரோ அரசரோதான்.

பலர் பதில் போடவில்லை. வரி போடத்தான் இந்தக் கணக்கு என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சின்கிளேர் விடவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். அதற்கும் மசியாத இடங்களுக்குத் தன் ஆட்களையே அனுப்பி விவரம் சேகரித்தார். 7 ஆண்டு, 7 மாதம், 7 நாளில் 938 பாரிஷ்களின் கணக்கும் கைக்கு வந்து சேர்ந்தது. 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அச்சேறிய அந்த நூல்தான் ‘ஸ்காட்லாந்தின் புள்ளிவிவரக் கணக்கு’. சாதாரண கிராமத்து மனிதர் என்ன உண்டார், என்ன உடுத்தார், எதைக் கொடுத்துக் குத்தகை கட்டினார் என்று ஒரு முழு நாட்டுக்கும் இவ்வளவு விரிவாகச் சொல்லும் நூல் அந்த நூற்றாண்டில் வேறு கிடைப்பது அரிது.

மாவே கூலி

பழைய கிராமம் ஒன்றுக்குள் போவோம். ஊர் என்றால் ஐந்தாறு குத்தகைக்காரர்களின் கல்வீடுகள், பக்கத்தில் கூலிக் குடும்பங்களின் குடிசைகள். நிலத்தை எல்லாரும் சேர்ந்து ஒரு நிலக்கிழாரிடம் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். நல்ல மண், கெட்ட மண் இரண்டும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதால் வயலைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருடைய கீற்றுகள் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். சில ஊர்களில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு அவற்றை மாற்றிக்கொள்வதும் உண்டு. ‘ரன்ரிக்’ என்று இதற்குப் பெயர். பங்கீட்டில் நியாயம் இருந்தது. ஆனால் நாளை அடுத்தவர் கைக்குப் போகும் கீற்றில் இன்று யார் செலவு செய்து கல் பொறுக்குவார்?

வீட்டை ஒட்டியது உள்வயல். இருக்கிற சாணம், சாம்பல் எல்லாம் அதற்கே. அதில் ஆண்டு தவறாமல் ஓட்ஸும் பார்லியும் போடுவார்கள். அப்பால் இருப்பது புறவயல். இரவில் மாடுகளை அங்கே கிடை போட்டு, சில ஆண்டு தொடர்ந்து விதைத்து, விதைத்ததே திரும்பி வராத நிலை வந்தால் தரிசாக விட்டுவிடுவார்கள். பழைய மரக் கலப்பையை இழுக்க எட்டு மாடுகள் வரை பூட்ட வேண்டியிருந்தது. பிடிப்பதற்கு ஒருவர், மாட்டை நடத்த ஒருவர், பின்னால் கட்டி உடைக்கச் சிலர். 1760களில் பெர்விக்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மால் புதிய வகைக் கலப்பை ஒன்றைச் செய்தார். இரண்டு குதிரை, ஓர் ஆள் போதும். உழவு வேகம் எடுத்தது, பலருக்கு வேலை போனது.

உணவு என்றால் ஓட்ஸ்தான். காலையில் கஞ்சி, இடையில் கல்லில் சுட்ட ஓட்ஸ் ரொட்டி, இரவில் வெந்நீர் ஊற்றிக் கிளறிய மாவு. சலித்த உமியையும் வீணாக்க மாட்டார்கள். அதைத் தண்ணீரில் பல நாள் புளிக்க வைத்து, வடித்துக் காய்ச்சி, ‘சோவன்ஸ்’ என்ற புளித்த கூழாகக் குடிப்பார்கள். கொல்லையில் முட்டைக்கோஸ் இனத்துக் கேல் கீரை. பால் உண்டு. இறைச்சி எப்போதாவது.

கூலியும் மாவாகவே அளக்கப்பட்டது. பண்ணையாளுக்கு வழக்கமான படி ஆண்டுக்கு ஆறரை ‘போல்’ மாவு. ஒரு போல் என்பது 140 ராத்தல். அப்படியானால் நாள் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். குடும்பம் உள்ளவருக்கு அதற்கு மேல் ஒரு பசுவுக்குப் புல், கொஞ்சம் கீரைக்கொல்லை. கையில் காசாக வருவது சொற்பம். பெண்கள் இரவும் பகலும் ஆளிநார் நூற்றார்கள். பெர்த்ஷயர், ஆங்கஸ் போன்ற சீமைகளில் பல குடும்பங்களின் குத்தகைப் பணமே மனைவியின் ராட்டையிலிருந்துதான் வந்தது.

விளைந்த தானியத்தை நினைத்த இடத்தில் அரைக்க முடியாது. நிலக்கிழார் காட்டிய ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைப்பதற்கு ஒரு பங்கு, ஆலைக்காரரின் வேலையாளுக்கு ஒரு கைப்பிடி என்று மாவு குறைந்துகொண்டே போகும். ஆலைக்கால்வாயைத் தூர்வாருவதும் குடியானவர் தலையில். புது ஆலைக்கல் வேண்டும் என்றால், அதன் நடுத்துளையில் நீண்ட மரத்தைச் செருகி, கல்லைச் சக்கரம்போல் நிமிர்த்தி, இருபுறமும் ஆட்கள் பிடித்து மைல் கணக்கில் உருட்டி வர வேண்டும். சரிவான பாதையில் கல் கைமீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கட்டாயத்தைப் பல பாதிரியார்கள் தங்கள் பதிலில் வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார்கள். 1799இல்தான் இதைப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சட்டம் வழிவிட்டது.

புகையில் ஒரு பிழைப்பு

மேற்கேயும் வடக்கேயும் போனால் மரமும் இல்லை, நிலக்கரியும் இல்லை. அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்துக் கரிமண்தான். ‘பீட்’ என்பார்கள். கோடையில் அதை மண்வெட்டியால் செங்கல் வடிவில் வெட்டி, பரப்பிக் காயவைத்து, அடுக்கி, கூடையில் சுமந்து வர வேண்டும். மழை ஆண்டாக இருந்தால் காயாது. காயாவிட்டால் குளிர்காலம் முழுக்க நடுக்கம். பயிரைப் பார்க்க வேண்டிய கோடையெல்லாம் பீட் வெட்டுவதிலேயே போகிறது என்று வடக்கத்திப் பாதிரியார்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். கடல்வழி நிலக்கரி வரலாம், ஆனால் ஆங்கஸ் கரையின் ரெட் ஹெட் முனையைத் தாண்டினால் அதற்குத் தனி வரி. இத்தனை ஊர்களின் புகார் ஒரே நூலில் அச்சானதும் அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1793இல் அந்த வரி நீங்கியது. கணக்கெடுப்பு நேரடியாக வாங்கித் தந்த பலன்களில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லூயிஸ் தீவின் வீடுகளில் புகைபோக்கியே கிடையாது. நடுவீட்டில் பீட் எரியும், புகை கூரை வழியே கசியும். வைக்கோல் கூரையில் கரி அடை அடையாகப் படியும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கூரையைப் பிரித்து வயலுக்கு உரமாகப் போடுவார்கள். வீட்டுக்குள் ஒரு பக்கம் மனிதர், மறு பக்கம் மாடு. குளிர்காலத்துச் சாணம் அங்கேயே சேர்ந்து, வசந்தத்தில் வயலுக்குப் போகும். வெளியூர்க்காரர் அழுக்கு என்று முகம் சுளித்த வீடு, உண்மையில் குடியானவரின் உரக்கிடங்கு.

கடற்கரையில் இன்னொரு புகை. கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய காரம் கடற்பாசிச் சாம்பலில் கிடைக்கும். ‘கெல்ப்’ என்ற இந்தத் தொழிலை 1722இல் ஆர்க்னி தீவுகளில் ஒன்றான ஸ்ட்ரான்சேயில் ஜேம்ஸ் ஃபீ என்ற நிலக்கிழார் தொடங்கினார். புகை மீனை விரட்டுகிறது, மாட்டையும் மனிதரையும் நோயில் தள்ளுகிறது என்று 1742இல் அங்கே கலகமே மூண்டது. தொழில் நிற்கவில்லை. ஹெப்ரிடீஸ் தீவுகள் வரை பரவியது. ஆண்களும் பெண்களும் இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று பாசி அறுத்து, கரையேற்றி, காயவைத்து, கல் பாவிய நீண்ட குழியில் மணிக்கணக்காக எரிப்பார்கள். உருகிக் குழம்பாவதை இரும்புக் கம்பியால் கிளறுவார்கள். ஆறினால் பாறைபோல் இறுகும், உடைத்துக் கப்பலேற்றுவார்கள். ஒரு டன் கெல்ப்புக்குச் சுமார் 20 டன் ஈரப்பாசி வேண்டும். நெப்போலியன் போர்க் காலத்தில் டன் விலை 20 பவுண்டைத் தொட்டது. எரித்தவருக்குக் கிடைத்தது ஒன்று முதல் மூன்று பவுண்டு. அதுவும் பெரும்பாலும் குத்தகைக் கணக்கில் கழிந்துவிடும். மீதி நிலக்கிழாருக்கு. போர் முடிந்து, 1820களில் அயல்நாட்டுக் காரத்துக்கும் உப்புக்கும் இருந்த வரிகள் விலகியதும் விலை சரிந்தது. கெல்ப்பை நம்பிக் கரையோரத்தில் துண்டு நிலத்தில் குடியேற்றப்பட்டவர்களுக்கு அதன் பிறகு பிழைக்க வழி இல்லை.

வாத்தியாரும் சேவலும்

1696ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷிலும் பள்ளியும் ஆசிரியரும் இருக்க வேண்டும். செலவு நிலக்கிழார்களுடையது. குத்தகைக்காரரிடம் பாதியை வசூலித்துக்கொள்ளலாம். ஏழை நாடொன்றில் குடியானவர் வீட்டுப் பையனும் எழுத்துக் கற்று, கெட்டிக்காரனாக இருந்தால் லத்தீனும் படித்துப் பல்கலைக்கழகம் போக வழி செய்தது இந்தச் சட்டம். ஆனால் ஆசிரியரின் ஆண்டுச் சம்பள உச்சவரம்பு 200 ‘மெர்க்’. ஏறக்குறைய 11 ஸ்டெர்லிங் பவுண்டு. நூறாண்டு கழித்தும் அதே தொகை!

ஆகவே அவர் சபைக் கணக்கர் வேலை பார்த்தார், ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுத்தார். பல ஊர்களில் இன்னொரு வரும்படியும் உண்டு. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று பள்ளிக்கூடத்திலேயே சேவல் சண்டை. மாணவர்கள் ஆளுக்கொரு சேவலோடு காசும் கொண்டுவருவார்கள். செத்த சேவலும் களத்தைவிட்டு ஓடிய சேவலும் வாத்தியாருக்கு. மேற்குக் கரையின் ஆப்பிள்கிராஸ் பாரிஷ் கணக்கில், ஆசிரியரின் வருமானப் பட்டியலில் சேவல் சண்டைக் கட்டணமும் ஒரு வரியாக இருக்கிறது. பையனுக்குக் காலாண்டுக் கட்டணம் எவ்வளவோ அவ்வளவு. இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியர்களின் வறுமை வெளிவந்ததும் அவர்களுக்காக வாதாட ஆதாரம் கிடைத்தது. 1803இல் புதிய சட்டம் சம்பளத்தை 300 முதல் 400 மெர்க்காக உயர்த்தி, இரண்டு அறை வீடும் தரச் சொன்னது.

ஏழைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் சபை மூப்பர்கள். தேவாலய வாசலில் விழும் காணிக்கை, திருமண அறிவிப்புக் கட்டணம், சவப்பெட்டியை மூடும் வெல்வெட் துணியின் வாடகை என்று சில்லறையாகச் சேரும். காணிக்கைத் தட்டில் செல்லாக்காசு போடுகிறவர்களும் இருந்தார்கள். ஒழுக்கம் தவறியவர்கள் கட்டும் அபராதமும் ஏழைகள் நிதிக்கே. அபராதத்தோடு விடவும் மாட்டார்கள். தவறு செய்தவர் சபை நடுவே நின்று கண்டனம் கேட்க வேண்டும். 1786இல் மாக்லின் பாரிஷில் அப்படி மூன்று ஞாயிறு கண்டனம் கேட்டவர்களில் ஓர் இளம் உழவர் உண்டு. பெயர் ராபர்ட் பர்ன்ஸ். ஸ்காட்லாந்தின் தேசியக் கவி.

தையற்காரர் போட்ட அம்மைப்பால்

பாதிரியார்களின் பக்கங்களில் சில நேரம் அபூர்வ மனிதர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஷெட்லாந்து தீவுகளின் யெல் பாரிஷ் பதிலில் வருகிறார் ஜான் வில்லியம்சன். படிப்பு குறைவு. தையல், தச்சு, கொல்லு, கடிகாரப் பழுது எல்லாம் தெரியும். எதற்கும் ஒரு யுக்தி வைத்திருப்பதால் ஊரார் வைத்த பெயர் ‘ஜானி நோஷன்ஸ்’.

பெரியம்மை தீவுகளைச் சூறையாடிய காலம் அது. ஜென்னரின் தடுப்பூசி 1796இல்தான் வருகிறது. ஜானி அதற்கு முன்பே தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். அம்மைச் சீழை எடுத்துப் பீட் புகையில் உலர்த்துவார். கற்பூரத்தோடு சேர்த்து மண்ணில் புதைப்பார். ஏழெட்டு ஆண்டு வரைகூட அப்படியே வைத்திருப்பார். வீரியம் குறைந்த அந்தச் சீழை, தானே செய்த கத்தியால் ரத்தம் வராத அளவுக்குத் தோலை லேசாகக் கீறி உள்ளே வைத்து, மேலே முட்டைக்கோஸ் இலையைக் கட்டாகப் போடுவார். பல ஆயிரம் பேருக்குப் போட்டார், ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று பாதிரியார் வியந்து எழுதுகிறார். பிற பாரிஷ்களிலோ, அம்மை குத்திக்கொள்வது கடவுள் சித்தத்தில் கைவைப்பது என்று மக்கள் மறுப்பதாகப் பாதிரியார்கள் சலித்துக்கொள்கிறார்கள். எல்லா மூடநம்பிக்கையும் கிராமத்திலும் எல்லா அறிவும் நகரத்திலும் இருந்ததாக நினைக்க வேண்டாம் என்பதற்கு ஜானி ஒருவரே போதும்.

குடியானவர் எழுதிய கடிதம்

இந்த 21 தொகுதிகளிலும் குடியானவரைப் பற்றிப் பேச்சு இருக்கிறது, குடியானவர் பேசுவது மிக அரிது. டீ குடித்துக் கெடுகிறார்கள், விஸ்கி பெருகிவிட்டது, வேலைக்காரப் பெண் அச்சிட்ட பருத்தி ஆடைக்கு ஆசைப்படுகிறாள் என்று பாதிரியார்கள் குறைப்படுகிறார்கள். பல சிறு குத்தகைகளை ஒன்றாக்கி ஒருவரிடம் கொடுத்ததால் மக்கள்தொகை குறைந்தது என்று எழுதும் துணிவும் சிலருக்கு இருந்தது. வெளியேற்றப்பட்டவர் என்ன நினைத்தார் என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை.

ஒரே ஒரு இடத்தில் விதி மாறுகிறது. டம்ஃப்ரீஸ்ஷயரின் டன்ஸ்கோர் பாரிஷ் பாதிரியார் தன் பதிலில் ஊர் நூலகத்தைக் குறிப்பிட மறந்தார், அல்லது விட்டுவிட்டார். ராபர்ட் ரிடல் என்ற நிலக்கிழாரின் ஆதரவில் குத்தகைக்காரர்களும் உழைப்பாளிகளும் சேர்ந்து நடத்திய நூலகம் அது. சேரும்போது 5 ஷில்லிங், நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூடும்போது 6 பென்ஸ். மூன்று ஆண்டில் 150 நூல்களுக்கு மேல் சேர்த்தார்கள். இந்த விடுபாட்டைச் சுட்டி சின்கிளேருக்குக் கடிதம் போனது. உழைத்துப் பிழைப்பவர் கையில் புத்தகம் கொடுப்பது அவருக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது என்றது கடிதம். கீழே கையெழுத்து: ‘ஒரு குடியானவன்’. எழுதியவர் அதே பாரிஷில் எல்லிஸ்லாண்ட் பண்ணையைக் குத்தகைக்கு உழுத ராபர்ட் பர்ன்ஸ். சின்கிளேர் அதை அப்படியே அச்சிட்டார். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லியின் உத்தரவுப்படி மதராஸிலிருந்து புறப்பட்டு, பவானி, ஈரோடு, கோயம்புத்தூர் எனப் பயணம் செய்து பயிர், விலை, கூலி, குத்தகை என்று ஊர் ஊராக விசாரித்து எழுதியவர் ஃபிரான்சிஸ் புக்கானன். பெர்த்ஷயரில் காலண்டர் என்ற ஊரில் பிறந்தவர். மைசூர் நிலங்களை அளந்து, தென்னாட்டுச் சுவடிகளைக் குவித்த காலின் மெக்கன்சியின் சொந்த ஊர், கூரையை உரமாக்கிய அதே லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே. அவருடைய சேகரிப்பின் ஒரு பெரும்பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. ஊரைக் கேள்வி கேட்டு எழுதும் பழக்கம் ஸ்காட்லாந்தில் வேரூன்றிய தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். ஒரு வித்தியாசம்: இங்கே கேள்வி கேட்க அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. அதற்கு வேண்டியிருந்தது வருவாய்.

செம்மறி வந்தது

இனி சின்கிளேரின் சொந்த நிலத்துக்கு வருவோம். கேள்வித்தாள்கள் திரும்பி வந்துகொண்டிருந்த 1792ஆம் ஆண்டிலேயே, லேதரன் பாரிஷில் தனக்குச் சொந்தமான லாங்வெல் பண்ணையில் 500 செவியட் பெண் செம்மறிகளை அவர் இறக்கினார். கம்பளிக்கும் இறைச்சிக்கும் சிறந்த இனம். வடக்கத்திக் குளிரையும் தாங்கியது. தெற்கத்திப் பெரும் மேய்ச்சல்காரர்களிடம் மலையை ஒட்டுமொத்தமாகக் கொடுத்தால் மக்கள் துரத்தப்படுவார்கள், சிறு குத்தகைக்காரர்களே கூட்டாகச் சேர்ந்து மந்தை வளர்க்கட்டும் என்று அவரே எச்சரித்து எழுதினார். நிலக்கிழார்கள் செம்மறியை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 1814இல் சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களை வெளியேற்ற வீடுகள் எரிக்கப்பட்டபோது அந்த மலையை மேய வந்ததும் செவியட் மந்தைதான்.

சின்கிளேரின் பண்ணையிலும் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் செம்மறிக்கு இடம் விட்டு நகர வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் 1793 முதல் பேட்பே என்ற இடத்தில், கடலுக்கு மேல் செங்குத்தான பாறை விளிம்பில் குடியேறினார்கள். தாங்களே கல் பொறுக்கி நிலம் திருத்தி, தாங்களே வீடு கட்டினார்கள். காற்று அடித்துக் கடலில் தள்ளிவிடும் என்று கோழியையும் மாட்டையும் குழந்தைகளையும்கூடக் கயிற்றால் கட்டி வைத்தார்கள் என்பது அந்த ஊரின் வாய்மொழி.

சின்கிளேரைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. நிலக்கரி வரி ஒழிந்ததும் ஆசிரியர் சம்பளம் உயர்ந்ததும் அவர் கணக்கில் சேர வேண்டியவை. அவர் தவறு வேறு. மக்களின் இன்பத்தை அளக்கப் புறப்பட்டவர், அதை மக்களிடம் கேட்காமல், நிலக்கிழாரின் சம்பளத்தில் வாழ்ந்தவரிடம் கேட்டார். ஊர்க் கணக்கு எதைப் புரட்டினாலும், பதில் சொன்னவர் யார், அவருக்குப் படியளந்தவர் யார் என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பேட்பேயின் கடைசிக் குடியானவர் 1911இல் ஊரைவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு அங்கே ஒரு நினைவுத்தூண் எழுந்தது. எழுப்பியவர் நிலக்கிழார் எவரும் இல்லை. 1839இல் அந்த ஊரிலிருந்து நியூசிலாந்துக்குக் கப்பலேறிய ஒருவரின் மகன்.

(தொடரும்)